ஏழாம் முளைக்கும் எட்டாம் முளைக்கும் நடுவில்

மார்ச் 4, திங்கள்

சாரிடம் கொடுக்க வேண்டிய கேம்ப் டைரி வேறு. அதில் ‘காலை 7.30க்குக் களத்தை அடைந்தோம்’ என்று நல்ல பிள்ளையாக எழுதுவேன். இது எனக்கு மட்டும்.

ஆலடிக்குளம் கல்யாண மண்டபத்தில் வந்து இறங்கியாயிற்று. மணப்பெண் அறையில் பதினோரு பேர், குளியலறை ஒன்று. பையன்கள் பந்தி நடக்கும் ஹாலில். காலேஜில் பத்து நாள் சர்வே கேம்ப், நிலம் அளக்கும் பயிற்சி. இதில் தேறாவிட்டால் அடுத்த வருஷம் ஜூனியர்களோடு சேர்ந்து மறுபடி வெயிலில் நிற்க வேண்டும்.

எங்கள் டீமில் மூன்றே பேர். நான், ஜெபசிங், நிலோபர். நான்காவது ஆளுக்குப் பொன்னுக்குவீங்கி. மற்ற டீம்களுக்கெல்லாம் குளத்தங்கரை, கோயில் மைதானம் என்று ஒப்புக்கு ஒரு வேலை. எங்களுக்கு மட்டும் கோமதிநாயகம் சார் நிஜமான வேலை கொடுத்திருக்கிறார். இந்த ஊர் அரசுப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்பக்கம் தேங்குகிறது. அங்கிருந்து அறுநூறு மீட்டர் தள்ளியுள்ள ஓடை வரைக்கும் பைப் போடப் போகிறார்கள். எந்த இடம் எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று நாங்கள் அளந்து சொல்ல வேண்டும். “தரை ரொம்பத் தட்டை. பத்து சென்டிமீட்டர் தப்புனாலும் தண்ணி ஸ்கூலுக்கே திரும்பி வந்துரும். அதான் ஒங்களுக்குக் கொடுக்கேன்” என்றார் சார். ஜெபசிங் எங்கள் வகுப்பிலேயே கருவியில் கெட்டிக்காரன். போன செமஸ்டரில் மில்லிமீட்டர் பிசகாமல் ரீடிங் சொன்னவன். அதனால்தான் இந்த வேலை எங்களுக்கு.

அம்மா போனில், “அங்கன என்னதான்ட்டி செய்வீய?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே எழுதி வைக்கிறேன். ஜெபசிங் முக்காலியில் இருக்கும் லெவல் கருவி வழியாகப் பார்ப்பான். நிலோபர் தூரத்தில் ஸ்டாஃபை, அதாவது எண் போட்ட நாலு மீட்டர் கோலை, நிமிர்த்திப் பிடிப்பாள். கருவியின் குறுக்குக் கோடு கோலில் எந்த எண்ணை வெட்டுகிறதோ அதை ஜெபசிங் சொல்வான். நான் புக்கில் எழுதுவேன். பள்ளியின் கொடிக்கம்பத்து மேடையில் தொடங்கி ஓடை வரை போய், திரும்பி அதே மேடைக்கு வந்து முடிக்க வேண்டும். தொடங்கிய உயரமும் முடித்த உயரமும் ஒன்றாக வந்தால் கணக்கு மூடியது. இல்லையென்றால் எங்கேயோ தப்பு.

“அவ்வளவுதானா?” என்றாள் அம்மா.

மார்ச் 5, செவ்வாய்

அவ்வளவுதான் இல்லை. கணக்கு 312 மில்லிமீட்டர் மூடவில்லை. இருபது வரைக்கும்தான் மன்னிப்பு உண்டு. கொடிக்கம்பம் மத்தியானத்துக்குள் ஒரு அடி வளர்ந்துவிட்டதா?

கூட்டலை மூன்று தடவை போட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் ரசத்தில் புளியே இல்லை.

மார்ச் 6, புதன்

மறுபடி முழுப் பாதையையும் அளந்து ஓட்டினோம். இன்றைக்கு 487. அதுவும் எதிர்ப்பக்கம்.

எனக்குப் புரியவே இல்லை. நேற்றுப் போன அதே பாதை, முப்பது மீட்டருக்கு ஒன்றாக நாங்களே அடித்த அதே இருபது முளைக்குச்சிகள். கருவி கெட்டுப்போயிருக்கும் என்று சாரிடம் சொன்னேன். சார் சலிக்காமல் இரண்டு முளைகளுக்கு நடுவில் கருவியை வைத்துச் சோதித்துப் பார்த்தார். “தங்கமாட்டம் இருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று எல்லா டீமும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். கோபம் கோபமாக வந்தது. நான் ஆடவே இல்லையே, எழுதத்தானே செய்கிறேன்!

இன்னொரு எரிச்சல். கருவியின் கண்வில்லையை யாரோ கடைசி வரைக்கும் திருகி வைத்துவிடுகிறார்கள். நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், குறுக்குக் கோடே தெரியவில்லை, ஒரே பால். “யாரு திருகுனா?” என்று கேட்டால் ஜெபசிங், “அவங்கவங்க கண்ணுக்கு வைக்குறதுதானே” என்கிறான். அதுவும் நியாயம்தான்.

மார்ச் 7, வியாழன்

நிலோபரைத் திட்டிவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவளாகவே சிரித்துக்கொண்டு சொன்னாள். “இசக்கி, இன்னைக்கு ஒரு கூத்து தெரியுமா? ஓடைகிட்ட ஸ்டாஃப தலைகீழாப் பிடிச்சிருக்கேன். அவன் ரீடிங் சொல்லி, நீ எழுதி முடிச்ச பொறவுதான் பாக்கேன். சட்டுனு திருப்பிட்டேன்.”

“எழுதி முடிச்ச பொறவா?”

“ஆமா. ஒண்ணு மூணு எட்டு அஞ்சுன்னு அவன் கத்துனது எனக்கே கேட்டுச்சு.”

கோல் தலைகீழாக இருந்தால் எண்களும் தலைகீழாகத்தான் தெரியும். யாராக இருந்தாலும் “ஏட்டி, திருப்பிப் பிடி” என்றுதான் கத்துவார்கள். ஒன்று மூன்று எட்டு ஐந்து என்று சொல்ல முடியாது. ஆகவே நிலோபர்தான் முன்னே பின்னே குழப்பிக்கொண்டு சொல்கிறாள். கோலை நேராகப் பிடிக்கத் தெரியாதவளுக்கு எது முன்னால் எது பின்னால் என்று மட்டும் தெரிந்துவிடுமா? மூன்று நாளாகக் கணக்கு மூடாததற்கும் இவள்தான் காரணம். அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

கணக்கு: 190.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. ஊரே கோயிலில். எங்களுக்கு அரை நாள் லீவு.

ஜெபசிங் படியில் உட்கார்ந்து என் புக்கை வாங்கிப் பார்த்தான். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். என் கையெழுத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அச்சு மாதிரி இருக்கிறது என்பார்கள். “அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்றேன். “ச்சே, முத்து மாதிரி இருக்கு” என்று சிரித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். இங்கே காற்றில் தூசி அதிகம்.

போன செமஸ்டரில் அவன் ரீடிங் சொல்லும் அழகே தனி. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கடைசி எண்ணில்கூடச் சந்தேகம் வைக்க மாட்டான். இப்போதும் அப்படித்தான், பட் பட் என்று சொல்கிறான். இன்னும் வேகமாகக்கூடச் சொல்கிறான்.

அவனைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. துணி துவைக்க வேண்டும்.

மார்ச் 9, சனி

இன்றைக்கு 203. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. ஒரே தப்பு என்றால் ஒரே அளவில் வர வேண்டும். இது ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை. என் மூளைதான் கெட்டுவிட்டதா?

இரண்டாவது டீமின் ஷெண்பகவல்லி சொன்னாள், “நீங்க இன்னுமா ஓட்டிக்கிட்டு இருக்கிய? நாங்க அன்னைக்கே சமைச்சாச்சு.”

சமைப்பது என்றால் விடையை முதலில் வைத்துக்கொண்டு ரீடிங்கை அதற்குத் தகுந்த மாதிரி எழுதுவது. சீனியர்கள் காலத்திலிருந்து வரும் வழக்கம். எல்லா டீமும் செய்கிறது. அதற்கும் பக்குவம் உண்டு. பூஜ்யம் வரக் கூடாது, சார் பிடித்துவிடுவார். ஏழு, எட்டு மில்லிமீட்டர் தப்பு வைத்து முடிக்க வேண்டும். ஒரே இடத்தில் திருத்தாமல் பத்து இடத்தில் கிள்ளித் தெளிக்க வேண்டும்.

மணப்பெண் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு புதிய புக்கில் முதலிலிருந்து எழுதினேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஆறு மில்லிமீட்டர் தப்பு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஜெபசிங்கிடம் காட்டினேன். “மூடிருச்சா?” என்றான். “மூடிருச்சு” என்றேன். எப்படி என்று அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று நினைத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 11, திங்கள்

சார் புக்கைப் புரட்டிப் பார்த்து, “ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எப்பிடி எழுதியிருக்கா பாருங்கல” என்று எல்லோரிடமும் காட்டினார். கை தட்டினார்கள். ஷெண்பகவல்லி ரொம்பச் சத்தமாகத் தட்டினாள்.

என் உயரங்களை வைத்து ஒவ்வொரு முளையிலும் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியாயிற்று. சாயங்காலம் தலைமையாசிரியை வந்தார். ஞானசௌந்தரி டீச்சர். கேட்காமலே எங்களுக்கு முறுக்கு கொடுத்தார். “வயசுக்கு வந்த பிள்ளைய அந்த மூணு நாளும் லீவு போட்டுருதுவ. அந்தத் தண்ணிக்குள்ள நின்னு என்ன செய்யும்? வியாழக்கிழமை பைப் போட ஆள் வருது. நீங்க நல்லா இருக்கணும்” என்றார்.

முறுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். என்னுடையதை நிலோபரிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

கொஞ்சம் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நிலோபருக்கு இன்று முதல் நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நிற்கிறாளே என்று அவளை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் மட்டும் முளைகளை எண்ணிப் பார்க்கப் போனேன். பள்ளியில் யாரோ மோட்டாரை அணைக்க மறந்துவிட்டார்கள். மேல்தொட்டி நிறைந்து வழிந்து, தண்ணீர் மைதானத்தைத் தாண்டி எங்கள் முளைகளின் வழியாகவே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நல்ல பிள்ளையாக வந்தது. ஏழாம் முளையில் நின்றுவிட்டது.

என் புக்கில் எட்டாம் முளை ஏழைவிடப் பதினொரு சென்டிமீட்டர் தாழ்வு. தண்ணீர் புக் படித்ததில்லை. ஏழில் குளமாகப் பெருகி, எட்டுக்கு ஏற முடியாமல், வந்த வழியே பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. என் செருப்பு நனையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியை வரவில்லை. யாரும் பார்க்கவில்லை.

ஜெபசிங் மண்டபத்தின் பின்னால் கருவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எட்டு மேடு. நம்ம பள்ளம்னு எழுதியிருக்கோம்.”

“நீதான சமைச்ச” என்றான்.

“ஆமா, நான்தான் சமைச்சேன். சமைக்காத புக்குலயும் எட்டு பள்ளம்தான். நீ சொன்ன ரீடிங்குதான் அது.”

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “போன வியாழக்கிழமை நிலோபர் ஸ்டாஃப தலைகீழாப் பிடிச்சிருந்தா. நீ ஒண்ணு மூணு எட்டு அஞ்சுன்னு சொன்ன” என்றேன்.

துணியைக் கீழே வைத்தான்.

“எண்ணெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது இசக்கி. மூணா எட்டான்னு தெரியல. தூரமா இருந்தா ஒண்ணுமே தெரியல. கண்வில்லையத் திருகித் திருகிப் பாத்தேன். முன்னால உள்ள ரீடிங்க வச்சு இவ்வளவு இருக்கும்னு ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்.”

“எப்போ இருந்து?”

“தீபாவளிக்குப் பொறவு.”

அவனுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கருவிழி கூம்பாகப் போகிற நோயாம். சீக்கிரம் பார்த்தால் அப்படியே நிறுத்திவிடலாமாம். அண்ணனுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. இப்போது வீட்டில் இருக்கிறான். அம்மாதான் கைபிடித்துக் கூட்டிப் போகிறாள். “எங்கம்மாட்ட எப்பிடிச் சொல்ல? இன்னொரு பிள்ளைக்குமான்னு கேட்டா நான் என்ன சொல்ல?” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்பொ வியாழக்கிழமை பைப் போட வந்துருவாங்களே” என்றேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்னது அதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டான். சரி என்றேன். சொன்னால் அவன் கேம்பை விட்டுப் போய்விடுவான். சொல்லாவிட்டால் கண் போய்விடும். பைப் போட்டுவிட்டால் பிள்ளைகள் அதே தண்ணீரில் நிற்பார்கள். எதை முதலில் செய்வது, எது யாருடைய தப்பு, ஒன்றும் விளங்கவில்லை. நிலோபர் நோன்பு திறந்ததும் எனக்கும் கொஞ்சம் கஞ்சி தந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குட்டி?” என்றாள். மறந்தேபோயிருந்தாள்.

மார்ச் 13, புதன்

காலையில் சார் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன். பழைய புக், புதிய புக் இரண்டையும் நீட்டினேன். “சமைச்சிட்டேன் சார். முளையில உள்ள ஆழமெல்லாம் தப்பு.”

சார் வாய் கொப்பளித்துவிட்டு இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நேற்று முன்தினம் எல்லோரிடமும் தூக்கிக் காட்டிய புக். முகம் சிவந்துவிட்டது. “அந்த டீச்சர் முகத்துல நான் எப்பிடி முழிக்க?” என்றார். அப்புறம், “பழைய புக்கும் தப்பாத்தான இருக்கு. கருவியில யாரு, ஜெபசிங்கா? அவன் பாத்தா இப்பிடி வராதே” என்றார்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நின்றேன். வாக்காவது ஒன்றாவது, எனக்குப் பயம்.

“ஓட்டுங்க மறுபடி. நான் பக்கத்துல நிக்கேன்” என்றார்.

கொடிக்கம்பம். நிலோபர் நோன்போடு கோலை நிமிர்த்திப் பிடித்தாள். ஜெபசிங் குனிந்து கண்ணை வைத்தான். சார் கையைக் கட்டிக்கொண்டு அவனுக்கு ஒரு அடி தள்ளி நின்றார். நான் பென்சிலைப் புக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். “ரீடிங் என்ன?” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

அவன் கண்வில்லையைத் திருகினான். இன்னும் திருகினான். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். அவன் சட்டை முதுகில் வேர்வை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். சொல்லிவிட மாட்டானா என்றும் இருந்தது.

நிமிர்ந்தான். “நீ பாரு இசக்கி” என்றான். சாரிடம், “எனக்குத் தெரியல சார். கண்ணு தெரியல” என்றான்.

சார் கட்டிய கையை அவிழ்த்தார். அவன் தோளைத் தொட்டு, “மொதல்ல வீட்டுக்குப் போன் போடுல” என்று மட்டும் சொன்னார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

ஜெபசிங் போனை முகத்துக்குக் கிட்டே வைத்துத் தடவினான். எண்ணை என்னிடமே சொன்னான். நான் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

“எய்யா, சாப்பிட்டியா?”

“ம்மா. கண்ணு மங்கலா இருக்கும்மா.”

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

“எந்தக் கண்ணுய்யா?”

“ரெண்டும்.”

“சரி. பயப்படாத. அம்மா இந்தா பஸ் ஏறிட்டேன். நீ வெயிலுக்குள்ள நிக்காத.”

அதற்குப் பிறகு நான் கருவியில் நின்றேன். ஷெண்பகவல்லி வந்து புக் எழுதினாள். போய்த் திரும்பி மேடைக்கு வர மத்தியானம் ஒரு மணி ஆனது. ஏழு மில்லிமீட்டர் தப்பு, சமைக்காதது. பள்ளிக்கும் ஓடைக்கும் மொத்த இறக்கமே பத்தொன்பது சென்டிமீட்டர்தான். எட்டாம் முளையில் மட்டும் நன்றாக ஆழம் தோண்டினால் தண்ணீர் போய்விடும் என்றார் சார். பழைய சிவப்பு எண்களைச் சுரண்டிவிட்டு நானே புதிதாக எழுதினேன். எனக்குக் கேம்ப் மார்க்கில் பாதிதான். தேறிவிடுவேன். டீச்சரிடம் சாரே போய்ச் சொல்லிவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று மணிக்கு அவன் அம்மா வந்தாள். ஒல்லியான ஆள், கையில் ஒரு மஞ்சள் பை. மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நான் ஓரமாக நின்றேன். “நீதான் கூடப் புக் எழுதுத பிள்ளையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நல்லா இரும்மா” என்றாள்.

பஸ் போய்விட்டது. சாருடைய டைரியில் இன்றைய பக்கத்தை எழுதிக் கொடுத்தாயிற்று. என்னுடைய இந்த டைரியில் எழுத ஒன்று பாக்கி இருக்கிறது. அவனுக்குக் கண் தெரியவில்லை என்று எனக்குப் போன வியாழக்கிழமையே தெரியும். நிலோபர் சொன்ன அந்த நிமிஷமே தெரியும். தெரிந்துதான் அவளைத் திட்டினேன், தெரிந்துதான் சமைத்தேன். அவன் அம்மா ஊரில் இருந்துகொண்டே எந்தக் கண் என்று கேட்டாள். ஒன்பது நாள் பக்கத்தில் நின்ற நான் அவனிடம் ரீடிங் என்ன என்று மட்டும்தான் கேட்டேன்.